உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க

ஒரு ஊரில் ஒரே ஒரு ஓட்டல் இருந்தது. ஒரே ஒரு ஓட்டல் உள்ள ஊரில் ராஜா யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோளில் ஈரத் துண்டோடு, ஒரே கையில் நான்கு தண்ணீர் டம்ளர்களை நான்கு விரல்களும் உள்ளே முங்கும்படி பிடித்துக்கொண்டு, கூப்பிடுகிறவன் பக்கம் மட்டும் பார்க்காமல் மேசைக்கும் மேசைக்கும் நடுவே உலாவுகிற சப்ளையர்தான் ராஜா. வெள்ளைக்கல்பாளையத்தில் அந்த ஓட்டலின் பெயர் புது ஜெயமங்களா உயர்தர சைவ உணவகம். பழைய ஜெயமங்களா எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. உயர்தரம் எங்கே இருக்கிறது என்று கேட்கிற வயசையும் நாங்கள் தாண்டிவிட்டோம். ராஜாவின் பெயர் சென்னியப்பன்.

நூல் மில்லில் விடிய விடிய நின்றுவிட்டு, தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போனால் யாரையாவது எழுப்ப வேண்டுமே என்ற சங்கடத்தில் நேராக பஸ் நிலையத்துக்கு வந்து, அதன் எதிரில் உள்ள ஜெயமங்களாவில் உட்காருகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு முன்னால் சுவரில், தரையிலிருந்து விட்டம்வரைக்கும், ஒரு பலகை. அதில் அடை அவியல் உண்டு, ரவா தோசை உண்டு, வெங்காய ரவா தனி, நெய் ரவா தனி, கல்கண்டுப் பொங்கல் உண்டு, சேவை மூன்று தினுசு, பெயின்டர் கை ஓய்ந்துபோய் எழுத்துச் சிறுத்துக்கொண்டே வந்த கடைசி வரியில் அசோகா அல்வாகூட உண்டு. அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்து, எச்சில் ஊறி, தேர்ந்து, ஒன்றைச் சொல்வோம். சொல்லி முடிக்கிற முன்னால் சென்னியப்பன் சொல்லிவிடுவார்: "இல்லீங்க." இன்னொன்றைச் சொல்வோம். "அதும் இல்லீங்க." மூன்றாவதாக, மானம் போய், என்னதான் இருக்கிறது என்று கேட்போம். அப்போது மூச்சு விடாமல், பாதிக் கண் மூடி, மந்திரம் போல ஒப்பிப்பார்: "இட்லி தோசைங்க."

கோபிக்க முடியாது, அதுதான் கொடுமை. எங்கள் பக்கத்தில் ஒருத்தனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். சென்னியப்பனின் இல்லையில் அத்தனை மரியாதை இருந்தது. கல்யாணத்தில் பன்னீர் தெளிக்கிற மாதிரி அதை எங்கள்மேல் தெளித்துவிட்டுப் போவார்.

"உள்ள கேட்டுப் பாருங்ணா" என்று சிலர் சொல்வார்கள். சொன்னால் அவர் ஒரு அரைத் திரும்பு திரும்புவார். இடுப்புக்கு மேலே மட்டும், அடுப்படிக் கதவின் திசையில், காபி போடுகிற இடத்துக்கு நேராக முகவாய் வரும் அளவுக்குத் திரும்பி, அப்படியே மறுபடி எங்கள் பக்கம் வந்து, "இல்லீங்க" என்பார். கால் நகராது. அவர் அடுப்படிக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவருக்கும் உள்ளே இருக்கிற குருசாமி மாஸ்டருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதனால் நின்றது என்று அவர்கள் இரண்டு பேருக்குமே மறந்திருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. இட்லியும் தோசையும் கேட்காமலே சின்னச் சன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும், எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மற்றது எது வேண்டுமானாலும் வாய் திறந்து மாஸ்டரைக் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பதிலாக இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம், சொல்லிவிட்டார். இவ்வளவுதான் காரணம். இதற்குமேல் காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளலாம்.

அது நடந்தது ஒரு ஆடி மாசத்து வியாழக்கிழமை காலை. மர அறுவை மில் நாச்சிமுத்து அடை கேட்டார். சென்னியப்பன் இல்லீங்க என்றார். அதே நேரத்தில் நாச்சிமுத்து வீட்டில் அவர் சம்சாரம், பருப்பும் அரிசியும் மிளகாயும் போட்டுக் கரகரவென்று ஆட்டிய மாவைக் கல்லில் ஊற்ற, அது கெட்டியாக நிற்காமல், தண்ணீரைப் போல ஓடி, மெலிந்து, வெள்ளையாக ஒரு தோசை ஆயிற்று. அந்த அம்மாள் கல்லைக் கழுவிவிட்டு மறுபடி ஊற்றினார், மறுபடி தோசை. பக்கத்து வீட்டிலும் தோசை, தெற்கு வீதியிலும் தோசை, ரைஸ் மில் சந்தில் மூன்று வீட்டில் அன்றைக்கு அடைக்குப் போட்டிருந்தார்கள், மூன்றும் தோசை. மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் பதறவில்லை. "சென்னியப்பன் இல்லீன்னுட்டாராம்" என்று ஒருத்தி சொன்னாள், "அப்ப இல்லதான்" என்று இன்னொருத்தி சொன்னாள், இரண்டு பேரும் தோசைக்குச் சட்னி அரைக்கப் போனார்கள்.

அடுத்த வாரம் ரவா தோசை போயிற்று. வெங்காய ரவாவும் நெய் ரவாவும் அதன் பின்னாலேயே, தாய்க்கோழி பின்னால் குஞ்சு போகிற மாதிரி போயின. கெட்டிச் சட்னி போயிற்று; அம்மியில் அரைத்தாலும் மிக்சியில் அரைத்தாலும் இலையில் விட்ட உடனே ஓடியது. ஒரு டாக்டர் சர்க்கரை குறைவாகக் காபி கேட்டார், அன்றையிலிருந்து ஊரில் எந்தக் காபியிலும் சர்க்கரையைக் குறைக்க முடியவில்லை, போடாமலே கலக்கினாலும் தித்தித்தது. பூரி கேட்டவன் ஒருவனால் பூரி உப்புவது நின்றது. முறுகலாக ஒரு தோசை என்று கேட்ட மகராசனை இன்றைக்கும் ஊர் மன்னிக்கவில்லை.

ஊர் எல்லை ஓடைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருந்தது. கோவில்பாளையத்தில் மகள் வீட்டில் அடை தின்றுவிட்டு, ஆசையாக ஒரு தூக்குப்போசியில் நான்கைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தவர்கள், பாலம் தாண்டி மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு தோசை, ஓரம் சுருண்டு, ஆறிப்போய். அதையும் வீணாக்காமல் தின்றார்கள். எங்கள் ஊர் ஜனங்களின் குணம் அது. முதலாவது முனகுவார்கள், இரண்டாவது கையைக் கழுவிவிட்டு உட்காருவார்கள்.

சீக்கிரமே அதற்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. பால் வாங்கப் போகிற பெண்கள் ஓட்டல் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, இன்றைக்கு என்ன இல்லை என்று எட்டிக் கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்தபடி உலை வைத்தார்கள். வெளியூரிலிருந்து விருந்தாக வருகிற ஒறம்பரைகளை பஸ் இறங்கும்போதே பிடித்து, 'அந்த ஓட்டல்ல உக்காருங்க, தின்னுங்க, ஆனா புடிச்சது எதையும் வாயெடுத்துக் கேட்டுப் போடாதீங்க' என்று சத்தியம் வாங்கினார்கள். புதுமாப்பிள்ளை ஒருவன் சத்தியத்தை மீறிப் பணியாரம் கேட்டுவிட்டான். அவன் மாமியார் பணியாரச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுததை நாங்கள் பார்த்தோம். குழிகளெல்லாம் தூர்ந்து, சட்டி வெறும் கல்லாகியிருந்தது.

வார்டு கவுன்சிலர் புத்திசாலி. இதையே ஊர் நன்மைக்குப் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்து, ஆள் அம்போடு வந்து உட்கார்ந்து, மாலை போடாத குறையாக சென்னியப்பனைக் கூப்பிட்டு, கொசு இருக்கிறதா என்று கேட்டார். சென்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்குதுங்க" என்றார். "எத்தனைங்க வேணும்?" பிற்பாடு ஒருவர் சாக்கடை நாற்றத்தைக் கேட்டார், ஒருவர் தன் மூட்டுவலியைக் கேட்டார், எல்லாமே தாராளமாக இருந்தது. அப்போதுதான் எங்களுக்கு விதி புரிந்தது: ஆசைப்பட்டுக் கேட்டால் மட்டும்தான் அவரிடம் இல்லை.

முதலாளியிடம் போய் முறையிட்டோம். அவர் கல்லாவுக்குப் பின்னால், ஊதுபத்திப் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு, முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, எல்லா ஓட்டல் முதலாளிகளும் எல்லாக் காலத்திலும் சொல்கிற பதிலைச் சொன்னார். "ஆளு கெடைக்கறதில்லீங்க. இவரையும் போகச் சொல்லிட்டா நாளைக்கு உங்களுக்கு இல்லீன்னு சொல்றதுக்குக்கூட ஆள் இருக்காது." அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி எங்களுக்குப் பட்டது. இரண்டு இட்லி சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். எரிச்சல் அடையாமல் இல்லை, ஆனால் எரிச்சலும் ஒரு கட்டத்தில் சாம்பார் மாதிரி, ஊற்றிக்கொண்டே இருந்தால் அதன்மேல்தான் எல்லாம் மிதக்கிறது.

இப்படியே ஒரு வருசம் ஓடியபோதுதான் வெள்ளியங்கிரியின் விவகாரம் வந்தது.

வெள்ளியங்கிரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் புகைந்தால் சுற்றுப்பட்டு விவசாயிகள் எல்லாரும் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். கை வேலை சுத்தம், வாய் கிடையாது. அவருக்கு ஒரே மகள், கிருத்திகா. ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது பத்திரிகை அல்ல, அவமானம். புருசனும் பெண்சாதியுமாகத் தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலைபாக்கு, மஞ்சள் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் ஜோடியாக நின்று, பேர் சொல்லி அழைக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் போனால், 'ஏன், அவருக்கு வரத் தோணலையா' என்று கதவுக்குள்ளிருந்து கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒரு குஞ்சு குளுவான்கூட மண்டபத்துக்கு வராது.

எல்லா வீட்டுக்கும் போய்விட்டார்கள். ஒரு வீடு பாக்கி. வெள்ளியங்கிரியின் சொந்த அண்ணன் அவிநாசியப்பன் வீடு. பல வருசம் முன்னால் அந்த அண்ணன் வீட்டு விசேசத்தில், பந்தியில் வெள்ளியங்கிரியின் இலைக்கு வரும்போது பாயசம் நின்றுபோயிற்று. மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்ற அண்ணன், அண்டாவை எட்டிக்கூடப் பார்க்காமல், தீர்ந்து போச்சு என்றார். கை கழுவப் போன வெள்ளியங்கிரி அண்டாவைப் பார்த்தார். கழுத்து மட்டத்துக்கு இருந்தது பாயசம். அன்றைக்கு அந்த வாசலை விட்டு இறங்கியவர்தான், மறுபடி ஏறவில்லை. பெரியப்பாவுக்கு முறைப்படி பத்திரிகை வைக்காத கல்யாணம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், முதல்ல அதச் சரி பண்ணுங்க, இல்லீன்னா தேதியத் தள்ளிப் போட்டுக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். தள்ளிப்போட்டது பின்பு நடப்பதில்லை.

வெள்ளியங்கிரியின் சம்சாரம் மயிலாத்தாள் தினமும் காலையில் தாம்பாளத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்க, அவர் கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பி, ஜெயமங்களாவின் பேமிலி ரூமுக்குள் வந்து, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு காபியை வைத்து நியூஸ்பேப்பரின் கடைசி வரிவரைக்கும் படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, திரை இடுக்கு வழியாக அவர் பார்த்தபோது, மயிலாத்தாள் கையில் தாம்பாளப் பையோடு பஸ் நிலையத்தைக் கடந்து ஓட்டலைப் பார்த்து வருவது தெரிந்தது.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும். இருந்தும், நம்மில் யாருக்கும் யோசிக்காமல் வாயில் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. கதவு தட்டினால், போன் அடித்தால், பிள்ளையிடம், பெண்சாதியிடம், கடைப் பையனிடம் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிற வார்த்தை. திரையை விலக்கி, தலையை மட்டும் நீட்டி, அதைச் சொன்னார்.

"சென்னியப்பண்ணா, யாராச்சும் வந்து கேட்டா நான் இல்லீன்னு சொல்லிப்போடுங்க."

மயிலாத்தாள் படி ஏறி வந்தாள். எங்கள் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். "ஏனுங்ணா, எங்கூட்டுக்காரரு இருக்காருங்களா? அவசரமா வேணும்."

"இல்லீங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

அவள் நேராகப் போய்த் திரையை விலக்கினாள். காபி பாதி இருந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது. பேப்பர் விரித்தபடி. மேசைக்கடியில் செருப்பு இரண்டும் மூக்கைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு. நாற்காலியில் கையை வைத்துப் பார்த்தாள், சூடு இருந்தது. ஆள் இல்லை. அந்த ரூமுக்கு வேறு வாசல் கிடையாது.

ஓட்டலில் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அப்புறம் யாரோ சாம்பார் கேட்டார்கள்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. அடையை ஏற்றுக்கொண்ட அதே முறையில்தான். முதல் இரண்டு நாள் காயில் கடை வாசலில் புகைந்த மோட்டார்கள் சேர்ந்தன, விவசாயிகள் வந்து திட்டினார்கள், அப்புறம் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் போனார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமாவது இருப்பாரோ என்று மயிலாத்தாள் போய்த் தேடினாள். அங்கேயும் இல்லை. அடை எந்த ஊரிலும் அடைதான், அவள் கேட்டது இந்தப் பக்கத்து ஆள் ஒருவரை. வீட்டுச் சுவரில் கல்யாண போட்டோவில் அவள் மட்டும் மாலையோடு, பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்குப் பின்னணித் திரையோடு நின்றாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு இது துக்கமா என்று தெரியவில்லை. காபியை வாங்கிக் குடித்துவிட்டு, தித்திப்பை முகம் சுளித்து விழுங்கிவிட்டு, ஆளாளுக்கு ஒரு மாற்று ஏற்பாடு சொன்னார்கள். ஓட்டலில் இத்தனை காலம் உட்கார்ந்து உட்கார்ந்து எங்கள் வாயெல்லாம் அப்படிப் பழகிவிட்டது. கேட்டது இல்லையா, சரி, இருக்கிறதைச் சொல்லு.

அவள் தம்பி வந்தான். தாரை வார்க்க நான் உட்காருகிறேன் அக்கா என்றான். பத்திரிகை வைக்கவும் நானே கூட வருகிறேன், கிருத்திகாவின் பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றான். நல்ல பையன்தான். மயிலாத்தாள் அவனுக்குச் சோறு போட்டாள்.

"நீ இருக்கறது எனக்குத் தெரியும்டா" என்றாள். "நான் கேட்டது உன்னய இல்லியே."

மறுநாள் காலையில் அவள் ஜெயமங்களாவுக்கு வந்து, பேமிலி ரூமில் திரையை முழுக்க விலக்கிவிட்டு, அந்த நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாம்பாளப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், விரலை எடுத்தார்.

"என்னங்க அம்மிணி சாப்படறீங்க?"

"எங்கூட்டுக்காரரு."

"இல்லீங்க. இட்லி இருக்குதுங்க."

"உள்ள போயிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சென்னியப்பன் அரைத் திரும்பு திரும்பினார். வந்தார். இல்லீங்க என்றார்.

"இது திரும்பறதுங்ணா. நான் சொன்னது போறது."

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. அதே நாற்காலி, அதே பை, அதே கேள்வி. இட்லி வைத்தால் தொடமாட்டாள். அது ஆறி, காய்ந்து, டேபிள் துடைக்கிறவள் எடுத்துக்கொண்டு போவாள். கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். கிருத்திகா அம்மாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அப்பா இல்லாததைவிட, அம்மா ஓட்டலில் உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருந்தது.

எங்களுக்கும் எரிச்சல்தான். சென்னியப்பன்மேல் இல்லை, அவள்மேல். ஓட்டலில் எரிச்சலுக்கு ஒரு குணம் இருக்கிறது, அது பரிமாறுகிறவனிடம் போகாது. பக்கத்து இலைக்காரனிடம்தான் போகும். ஒரு மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வராத ஒன்றை வரும் வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், நாங்களெல்லாம் கிடைத்ததைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவவில்லையா, இவள் மட்டும் என்ன பெரிய இவள் என்று பேசிக்கொண்டோம். மனசுக்குள்ளே வேறு ஒன்றும் இருந்தது. நாங்கள் எல்லாரும் ஆசைப்பட்டதைக் கேட்பதை விட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்பதை அவள் தினமும் காலையில் எங்கள் கண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே எப்படி இட்லி இறங்கும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள். பஸ் நிலையம் பட்டுப்புடவையும் பூவாசமுமாகப் பொங்கி வழிந்தது. ஓட்டலில் உட்கார இடமில்லை. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருத்தர், உட்கார்ந்திருப்பவரின் இலையில் எத்தனை வாய் மிச்சமிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, நாற்காலி முதுகைக் கையால் பிடித்து இடம் போட்டபடி நின்றார்கள். மயிலாத்தாளின் நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு பெரிய மனுசர், கார் சாவியை ஆட்டிக்கொண்டு. "அம்மிணி, சாப்பிட்டாச்சுன்னா எந்திரிச்சா நாங்க உக்காருவம்" என்றார்.

"எனக்கு இன்னும் வரலீங்க" என்றாள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முதலாளி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டி, "அம்மிணி, கூட்ட நேரம், நாளைக்கு வாங்களேன்" என்றார். எங்கள் மில் ஆளே ஒருவன், இலையை மடித்துக்கொண்டே, இல்லாதவரை எத்தனை நாளைக்குக் கேட்பீர்கள், இருக்கிறதைப் பார்த்துக் கல்யாணத்தை முடியுங்கள் என்று சத்தமாகவே சொன்னான். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். சென்னியப்பன் சாம்பார் வாளியோடு அந்த வழியாக, பார்க்காமல், போனார்.

மயிலாத்தாள் அவர் துண்டின் நுனியைப் பிடித்தாள். பிடித்து இழுக்கவில்லை, பிடித்தாள், அவ்வளவுதான். அவர் நின்றார். எங்களுக்குத் தெரிந்து அவர் ஒரு மேசை முன்னால் முழுசாக நின்றது அதுதான் முதல் தடவை.

"வேற ஒண்ணு சொல்றனுங்ணா" என்றாள்.

கூட்டத்துக்கு நிம்மதி ஆயிற்று. சாவிக்காரர் நாற்காலி முதுகை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பிடித்தார். ஒரு வழியாக வழிக்கு வந்துவிட்டாள், இரண்டு இட்லி சொல்லப் போகிறாள், தின்றுவிட்டுப் போய்விடுவாள்.

"சொல்லுங்க அம்மிணி."

"இங்க சென்னியப்பன்னு ஒருத்தர் இருக்காருங்களா?" என்றாள் மயிலாத்தாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "எனக்கு அவரு வேணும்."

அவருடைய வாய் திறந்துவிட்டது. அத்தனை வருசப் பழக்கம், கேள்வி முடியும் முன்னாலேயே திறந்துகொள்கிற வாய் அது. நாக்கு மேலே போய் அண்ணத்தைத் தொட்டதை முன் மேசைக்காரர்கள் எல்லாரும் பார்த்தோம். அந்த வார்த்தை அவர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாளியைப் பிடித்திருந்த கை ஓரங்களில் லேசாக, பழைய சட்டையில் வெயில் ஊடுருவுகிற மாதிரி, மெலிய ஆரம்பித்தது. அதன் வழியாகப் பின்சுவரில் இருந்த பலகையின் எழுத்து தெரிந்தது. முதலாளி கல்லாவில் எழுந்து நின்றுவிட்டார்.

சென்னியப்பன் தன் கையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அந்த ஓட்டலில் யாருமே அவரைக் கேட்டதில்லை. சாம்பாரைக் கேட்டிருக்கிறார்கள், தண்ணீரைக் கேட்டிருக்கிறார்கள், பில்லைக் கேட்டிருக்கிறார்கள். பேரைச் சொல்லி, நீ வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவர் வாயை மூடினார். எச்சிலோடு சேர்த்து அந்த வார்த்தையை விழுங்கியது, தொண்டைக்குழி ஏறி இறங்கியதில் தெரிந்தது. வாளியை மேசைமேல் வைத்தார்.

"பாத்துட்டு வர்றனுங்க" என்றார்.

அரைத் திரும்பு திரும்பினார். மிச்ச அரையையும் திரும்பினார். காபி போடுகிற இடத்தைத் தாண்டினார், சின்னச் சன்னலைத் தாண்டினார், அடுப்படிக் கதவின் முன்னால், அந்நிய வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்று, தலையைக் குனிந்து, உள்ளே போனார்.

உள்ளே அடுப்புச் சத்தம் நின்றது. கரண்டி ஒன்று எங்கேயோ வைக்கப்பட்டது. அப்புறம், கரகரத்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி ஒரு குரல். "மாஸ்டர்." அதற்கப்புறம் இன்னொரு குரல், தடிமன், கோபமா அழுகையா என்று இன்றைக்கும் எங்களுக்குள் விவாதம் உண்டு. "இத்தன வருசம் கழிச்சுக் கேக்கறயா நீயி?" பிறகு இரண்டு குரலும் தாழ்ந்துவிட்டன, பாத்திரங்களை நகர்த்துகிற, மூடிகளைத் திறந்து பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

சென்னியப்பன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம். கை பழையபடி கெட்டியாக இருந்தது. நேராக மயிலாத்தாளின் மேசைக்கு வந்து, கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இருக்காருங்க அம்மிணி" என்றார். "கொஞ்சம் நேரமாகும். பரவாயில்லீங்களா?"

"ஆகட்டுங்ணா" என்றாள் மயிலாத்தாள். "உக்காந்திருக்கறன்."

சாவிக்காரர் நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்தார். எங்களில் இலையை மடித்தவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. வெளியே பஸ்கள் ஹாரன் அடித்தன, முகூர்த்தத்தைத் தவறவிடுகிறவர்கள் தவறவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம் எங்களுக்குப் போய்விடவில்லை.

வெள்ளியங்கிரி அடுப்படிக் கதவு வழியாக வந்தார். வெறுங்கால். சட்டையில் மாவு. அந்த ஓட்டலில் கேட்டு வருகிற எல்லாவற்றையும் போல அவரும் சொன்னதைவிடக் கொஞ்சம் அளவு குறைந்து, கொஞ்சம் தாமதமாக, ஓரங்களில் சுருங்கித்தான் வந்தார். மயிலாத்தாள் எதிரில் வந்து நின்றார். அவள் அவரை, தட்டு வந்தவுடன் பார்க்கிற மாதிரி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆறிப் போயிருக்குது" என்றாள், சென்னியப்பனிடம். குறை சொல்வது போலத்தான் சொன்னாள். அப்புறம் மேசைக்கடியில் குனிந்து செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "போடுங்க. உங்கண்ணன் ஊட்டுக்குப் போகோணும்."

வெள்ளியங்கிரியின் முகம் மாறியது. இன்றைக்கே போக வேண்டுமா, உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது, குளித்துவிட்டு நாளைக்குப் போகலாமே என்று என்னவோ முனகினார். முனகிக்கொண்டே, அவள் பையை எடுக்கக் குனிந்த நேரம் பார்த்து, அவள் தலைக்கு மேலே, சென்னியப்பனை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் எல்லாருக்கும் புரிகிற பார்வை. கதவு தட்டினால் பார்க்கிற பார்வை.

சென்னியப்பன் வாளியைக் கையில் எடுத்தார். எடுத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்து, அந்த ஓட்டல் முழுக்கக் கேட்கிறபடி சொன்னார்.

"இருக்கறீங்க. நீங்க இருக்கறீங்க."

வெள்ளியங்கிரி செருப்பைப் போட்டார். அப்புறம் பெண்சாதியின் கையிலிருந்து தாம்பாளப் பையை வாங்கிக்கொண்டு, முன்னால் நடந்தார்.